இரண்டாவது நோட்டும் முழு இருதயமும்

கேள்வி:

"ஐயா, எனக்கு வயது 33. சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில். மூன்று தலைமுறையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டைம் ஆபீஸும் அக்கவுண்ட்ஸும் பார்க்கிறேன். சம்பளம் 32,000, பி.எஃப். போக 30,200 கைக்கு வரும். மனைவி, இரண்டு வயது மகள், ஊரில் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் அம்மா. வீட்டுக் கடன் தவணை 9,500. போன மாதம் மூன்று நாள் கன்வென்ஷனில் 'பாதி இருதயத்தோடு வாழ்ந்தது போதும்' என்ற செய்தி என்னை உடைத்துவிட்டது. கடைசி இரவில் முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்துப் படிவமும் எழுதிக் கொடுத்தேன். வேலையை எப்போது விடுகிறீர்கள் என்று இப்போது போன் வருகிறது. ஆறு வருடத் தசமபாக (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) பாக்கியை ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கட்ட வேண்டும் என்கிறார்கள். கணக்குப் போட்டால் 2,07,360 ரூபாய். மனைவியின் நகையை வைத்துக் கட்டலாமா? 21 நாள் உபவாசம் இருக்கப்போகிறேன், அம்மாவும் சேர்ந்துகொள்கிறேன் என்கிறார். கூட்டத்தில் வந்த கண்ணீர் இப்போது ஜெபத்தில் வருவதில்லை, அதுவும் பயமாக இருக்கிறது. ஆபீஸில் பையர் ஆடிட் (சரக்கு வாங்கும் கம்பெனிக்காரர்கள் செய்யும் சோதனை) வந்தால் இரண்டாவது அட்டென்டன்ஸ் நோட்டு எழுத வேண்டியிருக்கிறது. முடிந்ததும் கவரில் 2,000 தருவார்கள், அதிலும் 200 காணிக்கைப் பையில் போட்டுவிடுகிறேன். அடுத்த ஆடிட்டுக்கு இன்னும் மூன்று மாதம். தம்பிக்குப் பெண் பார்க்கிறோம். நம் ஆட்களிலேயே சாட்சியுள்ள குடும்பம், 40 பவுன் சொல்லியிருக்கிறார்கள், ஜெபித்துக்கொள்ளுங்கள். முழு இருதயத்தோடு ஆண்டவரைப் பின்பற்ற நான் எதையெல்லாம் விட வேண்டும்?"

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பி,

நீங்கள் கேள்வியாகக் கேட்டவை நான்கு: வேலை, தசமபாகம், உபவாசம், கண்ணீர். கேட்காமல் போகிறபோக்கில் எழுதியவை இரண்டு: இரண்டாவது நோட்டு, தம்பியின் கல்யாணம். வேதம் முழு இருதயம் என்று எதைச் சொல்கிறதோ, அது இந்தக் கடைசி இரண்டில்தான் அதிகம் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் உங்கள் வரிசையில் பதில் எழுதவில்லை.

கண்ணீரை முதலில் முடித்துவிடுவோம். "உன் முழு இருதயத்தோடும், உன் முழு ஆத்துமாவோடும், உன் முழுப் பலத்தோடும்" என்று உபாகமம் 6:5 சொல்கிறது. இருதயம் என்பதற்கு எபிரெயத்தில் 'லேவாவ்'. அது உருகுகிற இடம் மட்டும் இல்லை. யோசிப்பதும் தீர்மானிப்பதும் அங்கேதான். 'பலம்' என்று நாம் வாசிக்கும் சொல்லை ஓன்கெலோஸ் தர்கூம் என்ற பழைய அரமேய மொழிபெயர்ப்பு 'உன் உடைமைகளோடும்' என்றே பெயர்த்திருக்கிறது. யூதர்களின் மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பும் 'உன் பணத்தோடும்' என்று விளக்குகிறது. உங்களிடம் கேட்கப்படுவது தீர்மானமும் வரவுசெலவும். மூன்று நாள் ராத்திரி கீபோர்டும் கூட்டுப்பாட்டும் சேர்ந்து தந்த நெகிழ்ச்சி நல்லதுதான், ஆனால் திருப்பூருக்கு பஸ் ஏறி வந்து இரண்டு வாரம் வேலை பார்த்தால் அது தணியத்தான் செய்யும். விசுவாசம் தணிந்துவிட்டது என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி நோட்டு. யோவான்ஸ்நானன் பிரசங்கத்தில் உடைந்துபோனவர்கள் உங்களைப் போலவே "நாங்கள் என்னசெய்யவேண்டும்" என்று கேட்டார்கள். லூக்கா 3-ஐ எடுத்து அவர் பதிலைப் பாருங்கள். ஆயக்காரரிடம், கட்டளையிட்டதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள் என்றார். போர்ச்சேவகரிடம், பொய்யாய்க் குற்றஞ்சாட்டாமல் சம்பளமே போதுமென்று இருங்கள் என்றார். ரோமனுக்கு வரி தண்டுவதும் ராணுவச் சேவகமும் அன்றைக்குப் பக்திமான்களின் வேலையாக யாரும் நினைத்தது கிடையாது. அப்படியும் ஒருவனையும் வேலையை விடச் சொல்லவில்லை. வேலைக்குள் இருந்த கள்ளத்தை விடச் சொன்னார். லேவி ஆயத்துறையை விட்டு எழுந்து போனது உண்மை. ஆனால் சகேயு வேலையை விட்டதாக லூக்கா எழுதவில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதுண்டானால் நாலத்தனையாகத் திரும்ப என்று அவன் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்.

உங்கள் நோட்டு என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியாதது இல்லை; ஆனாலும் ஒருமுறை எழுத்தில் பார்ப்பது நல்லது. ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு வந்த டெய்லரும் அவருக்கு உதவும் கைமடியும் ராத்திரி எட்டரைக்குப் போகிறார்கள். ஆடிட் நோட்டில் அவர்கள் சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்பது சட்டம். நோட்டில் அந்த நேரமே இல்லாததால் சனிக்கிழமை கவரில் ஒற்றைச் சம்பளம்தான் போகும். அந்தக் கூலி ஈ.எஸ்.ஐ. கணக்கிலும் ஏறாது. அந்தக் கைமடிப் பெண் நாளைக்குக் காய்ச்சலில் பத்து நாள் படுத்தால், ஈ.எஸ்.ஐ. தரும் சுகவீனப் பணம் கணக்கில் உள்ள சராசரிக் கூலியில் 70 சதவீதம். கணக்கில் கூலி குறைந்தால் கஞ்சிக்கு வரும் பணமும் குறைகிறது. பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு நிறைகற்கள் வைத்திருக்காதே என்று உபாகமம் 25 சொல்வது காய்கறிக் கடைக்காரருக்கு மட்டும் என்று நினைக்கிறோம். டைம் ஆபீஸில் அதற்குப் பெயர் இரண்டாவது நோட்டு.

ஆடிட் முடிந்ததும் உங்களுக்குத் தரும் கவரிலிருந்து 200 ரூபாயைக் காணிக்கைப் பையில் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒற்தலாமிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்தி, நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்கள் என்று மத்தேயு 23:23-ல் ஆண்டவர் சொன்னது இதைத்தான். அந்த 200 மட்டும் இல்லை, மீதி 1,800-ம் உங்களுடையது இல்லை. இனிமேல் கவரை வாங்காதீர்கள். இதுவரை வாங்கியது எத்தனை தடவை என்று எண்ணி, அந்தத் தொகையை யாருடைய நேரத்தை வெட்டி எழுதினீர்களோ அவர்களில் கஷ்டப்படுகிறவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவிடுங்கள்: பிள்ளையின் ஸ்கூல் பீஸாகவோ மருந்துச் செலவாகவோ, பேர் சொல்லாமல். எண்ணாகமம் 5:7-ல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்லியிருப்பது இப்படி அநியாயம் அனுபவித்த ஆளுக்கு.

நோட்டு எழுதுவதை நிறுத்துவது கவரை மறுப்பதைவிடக் கடினம். இங்கே பலர் சறுக்குவது இரண்டு விதத்தில். ஒன்று, "கர்த்தர் என்னோடு பேசினார், இனி எழுத மாட்டேன்" என்று பத்துப் பேர் முன்னால் மேனேஜரிடம் சொல்லி, அவரை மதில்மேல் ஏற்றிவிடுவது. அவர் இறங்கி வர வழியில்லாமல் போகும். இன்னொன்று, நோட்டைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு ஜாடையாக மிரட்டுவது. இதில் பாவம் இடம் மாறுகிறதே தவிர குறையவில்லை. தானியேல் எப்படிக் கேட்டான் என்று முதல் அதிகாரத்தைப் பாருங்கள். தீர்மானம் உள்ளே உறுதி, வெளியே வேண்டுகோள்தான். மேலாளுக்கு ஆபத்து வராத ஒரு மாற்று வழியையும் கையோடு கொண்டுபோனான்: பருப்பும் தண்ணீரும், பத்து நாள் சோதனை. நீங்களும் தனியாகப் போய், "சார், ஆடிட் நோட்டு மட்டும் என்னால் எழுத முடியாது, மனசு ஒப்பவில்லை. பி.எஃப். ரிட்டர்ன், ஜி.எஸ்.டி., பில் பாஸிங் எதை வேண்டுமானாலும் கூடுதலாகப் பார்க்கிறேன். ஒரு மாதம் பாருங்கள்" என்று கேளுங்கள். காரணத்தை அவர் தோண்டிக் கேட்டால் மட்டும் விசுவாசத்தைச் சொல்லுங்கள். ஆடிட்டுக்கு முந்தின நாள் போய் நிற்காதீர்கள். இந்த மாதமே பேசினால் அவருக்கும் யோசிக்க அவகாசம் இருக்கும். அந்த நோட்டில் உங்கள் கையெழுத்து இருந்தால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ தெரிந்த வக்கீலிடமோ உங்கள் பொறுப்பு எவ்வளவு என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

முடியாது என்று அவர் சொல்லிவிட்டால் அந்த வேலையை விட வேண்டியதுதான். அதை நான் மென்று விழுங்கிச் சொல்லவில்லை. வேறு கம்பெனியில் வேலை உறுதியான பிறகு விடுங்கள். தேடுவதை அந்தப் பேச்சு நடக்கும் வாரத்திலேயே தொடங்குங்கள். தீபாவளி போனஸைச் செலவழித்துவிடாமல் அதிலிருந்து ஒரு மாதச் செலவைத் தனியாக ஒதுக்குங்கள். வேறு வேலை கிடைப்பதற்குள் அடுத்த ஆடிட் வந்துவிட்டால், அன்றைக்கு எழுதாமல் இருக்க என்ன விலை வருமோ அதைக் கொடுக்கத் தயாராக இருப்பதற்குத்தான் அந்த ஒரு மாதப் பணம்.

இந்த இடத்தில் நின்று முழுநேர ஊழியத்தைப் பார்த்தால் கேள்வி வேறு மாதிரி தெரியும். நோட்டுச் சங்கடத்திலிருந்து தப்பிக்கும் வாசலாக ஊழியம் ஆகிவிடக் கூடாது. ஒரு கணக்கை நேராக்காமல் வருகிறவர் கையில் நாளைக்கு சபையின் காணிக்கைக் கணக்கு வரும்.

லூக்கா 14:28-ல் கோபுரம் கட்டுகிறவன் "உட்கார்ந்து, செல்லுஞ்செலவைக்" கணக்குப் பார்க்கிறான். உட்கார்ந்து என்ற சொல்லைக் கவனியுங்கள். கூட்டத்தில் எழுந்து நின்ற நேரத்தில் பார்க்கிற கணக்கு இல்லை அது. தவணை 9,500. வீட்டு வாடகையை 6,000 என்றும், அம்மாவின் மருந்தும் ஊர்ச் செலவும் 4,000 என்றும், அரிசி, பால், குழந்தைச் செலவு 8,000 என்றும் வைத்துக்கொள்கிறேன். உங்கள் தொகையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். மொத்தம் 27,500. சம்பளம் இல்லாத 'விசுவாச ஊழியம்' என்று இறங்கினால், ஒரு கிராமத்துக்குப் போய்வர பஸ் காசு எடுக்கும் முன் மாதாமாதம் இது வந்தாக வேண்டும். வராத மாதத்தில் யார் பட்டினி கிடப்பார்கள்? தன் வீட்டாரை விசாரியாதவன் "அவிசுவாசியிலும் கெட்டவன்" என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்வது ஊழியத்துக்குப் போகாதவர்களுக்கு மட்டும் இல்லை. கையில் காசில்லாத ஊழியக்காரர் மூன்றாம் மாதம் பிரசங்கத்தை மாற்றத் தொடங்குவார். யாரிடம் பணம் இருக்கிறதோ அவருக்குக் கேட்கப் பிடித்ததாக. கூடாரம் தைத்துக்கொண்டே ஊழியம் செய்த பவுலை அப்போஸ்தலர் 18:3-ல் பாருங்கள்.

அழைப்பு உண்மையாக இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை உறுதிசெய்வது படிவம் இல்லை. அப்போஸ்தலர் 13-ல் அந்தியோகியா சபை உபவாசித்து, ஜெபித்து, கைவைத்து அனுப்பியது. பவுலும் பர்னபாவும் அதற்கு முன்பே அந்தச் சபையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள். ஒரு வருடம் இப்போது போகும் சபையில் ஏதாவது ஒரு பொறுப்பை எடுங்கள். ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வகுப்பு போதும், ஆனால் ஒரு ஞாயிறும் தவறாமல். வருட முடிவில் சேகர ஐயரிடமும் (உங்கள் சபைப் போதகரிடமும்) உங்களை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரிடமும் நேராகக் கேளுங்கள். குருப்பட்டம்தான் எண்ணம் என்றால் சேகரத்தின் பரிந்துரை, திருமண்டலத் தேர்வு, அதற்குப் பிறகு மதுரை அரசரடி போன்ற இறையியல் கல்லூரியில் பி.டி. படிப்பு நான்கு வருடமாவது. அந்த நாலு வருடமும் குடும்பம் எப்படி ஓடும் என்பதும் செல்லுஞ்செலவில் சேரும்.

தசமபாக பாக்கி விஷயத்தில் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள், கோபமாகத்தான் இருக்கிறது. லேவியராகமம் 27:31-ல் ஐந்தில் ஒரு பங்கு வருகிறது, உண்மை. ஆனால் அது பாக்கிக்கு வட்டி இல்லை. தசமபாகமாகப் போக வேண்டிய தானியத்தையோ கனியையோ ஒருவன் தனக்கே வைத்துக்கொள்ள விரும்பினால், அதன் விலையோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து மீட்டுக்கொள்ளலாம். அவ்வளவுதான். இஸ்ரவேலில் தசமபாகம் போன இடங்களையும் சேர்த்து வாசியுங்கள்: லேவியருக்கு எண்ணாகமம் 18. உபாகமம் 14-ல் கொடுத்தவனே குடும்பத்தோடு கர்த்தரின் சந்நிதியில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். மூன்றாம் வருடம் அந்நியனும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிடுகிறார்கள். கடன் வாங்கிக் காணிக்கை செலுத்தியதாக ஒரு இடத்திலும் இல்லை.

உங்கள் கணக்கில் 27,500 போக மீதி 2,700. பத்தில் ஒன்று 3,020. ஆகவே இன்றைக்கு முழுத் தசமபாகம் கொடுத்தால் மளிகைக் கடையில் பாக்கி விழும். 1,500-ல் தொடங்குங்கள், சம்பளம் வந்த அன்றே எடுத்து வைத்துவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சியதைக் கொடுப்பதாக வைத்தால் ஒன்றும் மிஞ்சாது. அதில் பாதி சங்கக் காணிக்கைக்கும் சபைக்கும், பாதி உங்கள் கண்ணில் படுகிற தேவைக்கு. சம்பளம் கூடும்போதெல்லாம் கூடின தொகையில் பாதியைக் கொடுப்பதில் சேர்த்தால் இரண்டு மூன்று வருடத்தில் பத்துக்கு வந்துவிடலாம், அங்கேயே நிற்கவும் வேண்டாம். "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே" என்பது 2 கொரிந்தியர் 8:12. முழுச் சம்பளத்திலா, கைக்கு வருவதிலா என்று பலர் கேட்பார்கள். கைக்கு வருவதில் கொடுத்தால், பி.எஃப். பணம் வரும் நாளில் அதற்கும் கொடுங்கள். முழுச் சம்பளத்தில் கொடுத்திருந்தால் பி.எஃப்.புக்கு மறுபடி வேண்டாம். இதில் இதற்கு மேல் ஆவிக்குரிய ரகசியம் ஏதும் கிடையாது.

உபவாசம்: அம்மா வேண்டவே வேண்டாம். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு சாப்பாட்டைத் தள்ளினால் சில மாத்திரைகளில் சர்க்கரை சட்டென்று இறங்கும். கை நடுக்கம், குளிர்ந்த வேர்வை, பேச்சுக் குழறல். தானியேல் 10-ல் அந்த 21 நாளும் அவன் தள்ளியது ருசிகரமான அப்பம், இறைச்சி, திராட்சரசம். அம்மாவுக்கு ஆசை இருந்தால் மூன்று வாரம் டி.வி. சீரியலைத் தள்ளி வைக்கட்டும். நீங்கள் வாரத்தில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டை விட்டுத் தொடங்குங்கள், தண்ணீரை விடாதீர்கள், அந்தச் சாப்பாட்டின் காசை ஒருவருக்குக் கொடுங்கள். ஏசாயா 58-ஐ அன்றைக்கு வாசியுங்கள். வேலைக்காரர்களை நெருக்கிக்கொண்டே உபவாசம் இருந்தவர்களைப் பற்றிய அதிகாரம் அது. ஆடிட் நோட்டு எழுதும் கையோடு வாசித்தால் சுருக்கென்று இருக்கும்.

கல்யாணத்துக்கு வருகிறேன். வீட்டில் விக்கிரகம் இல்லை, நாள் நட்சத்திரம் பார்ப்பதில்லை என்று நம் ஆட்கள் பெருமைப்படுவது உண்டு. கொலோசெயர் 3:5 "விக்கிரகாராதனையான பொருளாசை" என்கிறது. 1961-ஆம் வருட வரதட்சணைத் தடைச் சட்டப்படி வாங்குவதும் கொடுப்பதும் குற்றம். "நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகப் போடுகிறார்கள்" என்ற பதிலும் எனக்குத் தெரியும். சோதித்துப் பார்க்க ஒரே வழி: ஒரு குண்டுமணித் தங்கம் போடாவிட்டாலும் இந்தப் பெண்தான் என்று தம்பியும் அம்மாவும் பெண் வீட்டாரிடம் போய்ச் சொல்ல முடியுமா? முதலில் தம்பியிடம் பேசுங்கள், பிறகு அம்மாவிடம், தரகர் கடைசி. கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்கும்போது பவுன் கணக்கை ஐயர் வாசிப்பதில்லை என்பதால் அது ஆண்டவருக்குத் தெரியாமல் போகாது.

'நம் ஆட்களிலேயே' என்பது அதைவிட ஆழமாக வேரோடியது. இரத்தசாட்சியான தேவசகாயம் பிள்ளை 1745-ல் ஞானஸ்நானம் பெற்ற ஊர் வடக்கன்குளம். எல்லாச் சாதியாரும் சமம் என்று சொல்லி அவர்களோடு கலந்து பழகியது உயர்சாதியாரின் பகையைக் கிளப்பியது. 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கோயிலில் ஒரே பலிபீடத்துக்கு இரண்டு நடுக்கூடம், சாதிக்கு ஒன்று, நடுவே சுவர். அந்தச் சுவர் 1910 வாக்கில் இடிக்கப்பட்டது. அது கத்தோலிக்கக் கோயில், நமக்கென்ன என்று சி.எஸ்.ஐ.காரர்கள் தள்ளிவிட முடியாது. 1833-ல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டபோது தஞ்சாவூர்ச் சபையில் எழுந்த எதிர்ப்பு சரித்திரத்தில் இருக்கிறது. 1755-ல் மெதடிஸ்ட் இயக்கத்தின் ஜான் வெஸ்லி லண்டனில் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனையை இன்றும் வருடப்பிறப்பை ஒட்டி நடத்துகிறார்கள். அதில் சொல்லும் ஜெபத்தில், உமக்குச் சித்தமான வேலையில் என்னை வையும், உமக்குச் சித்தமானவர்களோடு என்னைச் சேர்த்து வையும் என்ற பொருளில் ஒரு வரி உண்டு. முதல் பாதியை நீங்கள் கூட்டத்தில் சொல்லிவிட்டீர்கள். இரண்டாம் பாதி தரகரிடம் சொல்ல வேண்டியது: "சாதி கேட்க வேண்டாம்" என்று. கல்யாணம் தம்பியுடையது, முடிவும் அவனுடையது. ஆனால் வீட்டில் மூத்தவன் ஒருவன் வாயைத் திறந்து சொல்லாவிட்டால் அவனால் சொல்ல முடியாது.

படிவத்தில் எழுதியது பொருத்தனை (கடவுளுக்கு நேர்ந்துகொண்ட வாக்கு) ஆகிவிட்டதே, மீறினால் சாபமோ என்று உங்கள் மனதில் ஓடும். தாய்தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை 'கொர்பான்' என்று சொல்லி காணிக்கையாக்கியதை மாற்கு 7-ல் இயேசு கண்டித்தார். பொருத்தனை அவர்களைக் காப்பாற்றவில்லை. அடுத்த முறை போன் வந்தால் மரியாதையாக இதைச் சொல்லுங்கள்: "ஐயா, நான் ஒப்புக்கொடுத்தது கர்த்தருக்கு, அதில் மாற்றம் இல்லை. இப்போதைக்கு வேலையை விடவில்லை. என் சபை ஐயரிடம் பேசிக்கொண்டு வருகிறேன். நகையை அடகு வைக்கப்போவதில்லை." அவர் லேவியராகமம் 27-ஐ எடுத்தால், அதே அதிகாரத்தின் 8-ஆம் வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். செலுத்த முடியாத ஏழையின் பொருத்தனையை அவன் திராணிக்கேற்றபடி ஆசாரியன் மதிப்பிட வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது.

அதற்கு முன்னால் உங்கள் மனைவியிடம் பேசுங்கள். படிவம், பாக்கி, நகை, நோட்டு, கவர் எல்லாவற்றையும், குழந்தை தூங்கிய பிறகு. கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன்; அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரி கூட நீங்கள் எழுதவில்லை.